டாக்டரம்மா வண்டிக்கு எந்த கேம்?

பழைய வண்டிகளைப் பிரித்துச் சேர்த்து ஓட்டும் ஆசை உங்கள் வயதுக்காரர்களுக்கு மறுபடி வந்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். வீட்டுக்கு வருகிறீர்கள், டீ குடிக்கிறீர்கள், சுற்றி வளைத்து எல்லாரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறீர்கள்: "அண்ணாச்சி, இந்த எஞ்சினுக்கு எந்த கேம் ஷாஃப்ட் போட்டா பவர் கூடும்?" வால்வுகளைத் திறந்து மூடுகிற அந்தத் தண்டைப் பற்றி நான் உடனே பதில் சொல்வதில்லை. கிழவனுக்கு மறந்துபோய்விட்டது என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். மறக்கவில்லை. இதே கேள்விக்கு ஒரு தடவை நான் ரொம்ப வேகமாகப் பதில் வைத்திருந்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தென்காசியில் செங்கோட்டை ரோட்டில் ஒரு பட்டறையில் தலைமை மெக்கானிக். செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து நம் பக்கம் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். எஞ்சின் வேலையில் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன்.

மேலகரத்தில் ஒரு டாக்டரம்மா கிளினிக் வைத்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தனி ஆள். பிரசவம் பார்ப்பதில் கைராசிக்காரர் என்று பெயர். இலஞ்சியிலிருந்தும் ஆள் வரும், மலைக்கு மேலே ஆரியங்காவிலிருந்தும் ஆள் வரும். அவரிடம் ஒரு கார் இருந்தது. முப்பதுகளில் இங்கிலீஷ்காரன் செய்த திறந்த கார். அதை முதலில் வைத்திருந்தவர் மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட் துரை. பந்தயப் பைத்தியம். எஞ்சின் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டி, இரண்டு கார்புரேட்டர் வைத்து, பின் அச்சின் பல்லைக்கூட வேகத்துக்கு ஏற்றாற்போல மாற்றியிருந்தார். ஊருக்குத் திரும்பிப் போகும்போது காரை டாக்டரம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். கூடவே ஒரு மரப்பெட்டி. அதற்குள் எண்ணெய்த் துணியில் சுற்றிய மூன்று கேம் ஷாஃப்டுகள். எது எதற்கு என்று எழுதிக் கட்டியிருந்த சீட்டுகளைப் பூச்சி அரித்துவிட்டது.

வண்டியில் இருந்த கேம் தேய்ந்து போய் ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை. "மாத்திரு சண்முகம்" என்று டாக்டரம்மா பெட்டியையும் வண்டியையும் என்னிடம் ஒப்படைத்தார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

நான் மூன்றையும் அளந்தேன். ஒன்று கம்பெனி போட்ட சாதா கேம். ஒன்று நடுத்தரம். மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. வால்வைத் தூக்குகிற மூக்கு உயரமாக, அகலமாக இருந்தது. அதைப் போட்டால் வால்வு நன்றாக உயர்ந்து வெகுநேரம் திறந்திருக்கும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது காற்றை அள்ளிக் குடிக்கும். மெதுவாகச் சுழலும்போது அதே கேம் எஞ்சினைச் சோப்ளாங்கியாக்கிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை நினைக்கவில்லை.

பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டிய காதர் என் கூட்டாளி. வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஏலே சம்முவம், இது பந்தயக்காரன் கேமுலே. டாக்டரம்மா என்ன பந்தயமா விடுதாங்க?"

"நீ லேத்தப் பாருலே" என்றேன்.

மாட்டினேன். சுந்தரபாண்டியபுரம் போகிற நேர் ரோட்டில் கொண்டுபோய் மிதித்தேன். இரண்டு பக்கமும் வயல், எதிரே ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. அப்படி ஒரு வேகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காதில் காற்று அடைத்துக்கொண்டது. கத்திக்கொண்டே ஓட்டினேன். அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. தப்பான வேலை எல்லாம் இப்படி ஒரு பத்து நிமிடத்தில்தான் சரியாகத் தெரியும். இதை மட்டுமாவது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா ஆள் அனுப்பினார். நல்ல சாரல் காலம். மதியம் இரண்டு மணிக்குப் போனேன். கிளினிக் வாசலில் வண்டி நின்றபடி குலுங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் அன்னம்மா வெளியே வந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் புனலூர்க்காரி, மலையாளம் கலந்துதான் பேசுவாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவளிடம் நான் நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"மேஸ்திரி, இந்த வண்டிக்குப் பனியா? இங்ஙனே விறைக்குதே. அலமாரியிலே மருந்துக் குப்பியெல்லாம் ஆடுது."

பனி என்றால் அவர்கள் ஊரில் காய்ச்சல், விறைப்பது என்றால் நடுங்குவது. "பந்தயக் குதிரை அப்படித்தான் நிக்கும், சிஸ்டர்" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக ஒரு நினைப்பு.

அவள் சிரிக்கவில்லை. "இங்கே பந்தயம் இல்லையல்லோ" என்றாள்.

அப்போது உள்ளே டெலிபோன் அடித்தது. செங்கோட்டை ஸ்டேஷனிலிருந்து பேசினார்கள். மலை மேலே கோட்டவாசலுக்குப் பக்கத்தில் ரயில் பாதையைப் பார்க்கும் கேங்மேன் ஒருவரின் மனைவிக்குக் காலையில் பிரசவம் ஆகியிருக்கிறது. குழந்தை நன்றாக இருக்கிறது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. மேலே போகிற அடுத்த ரயில் சாயந்திரம்தான். டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு வந்து பின் சீட்டில் ஏறினார்.

"நீயே ஓட்டு. இது இப்ப எனக்கு அடங்க மாட்டேங்குது."

அன்னம்மா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். செங்கோட்டை வரை பறந்தோம். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். நல்ல சமயத்தில் நல்ல கேம் போட்டிருக்கிறோம் என்று நினைத்தேன்.

புளியரையில் மழைக்குப் பயந்து லாரிகளெல்லாம் ஒதுங்கி நின்றன. அதைத் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியது. முதல் வளைவை வந்த வேகத்திலேயே ஏறிவிட்டோம். இரண்டாவது வளைவில் வழியில் ஒரு மரக்கிளை கிடந்தது. அதைச் சுற்றிப் போக வேகத்தைக் குறைத்தேன். எஞ்சின் தொண்டையைக் கனைப்பது மாதிரி இரண்டு தடவை சத்தம் போட்டு நின்றுவிட்டது.

மறுபடி கிளப்பி, எஞ்சினை உறுமவிட்டு, கிளச்சை மெல்ல விட்டேன். பத்தடி போனது, நின்றது. மறுபடியும் அதே. மூன்றாவது தடவை கிளச் கருகும் வாடை வந்தது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக் நனைந்து சரியாகப் பிடிக்கவில்லை. அன்னம்மா குதித்து இறங்கி, ரோட்டோரத்துக் கல் ஒன்றைத் தூக்கிக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் போட்டாள். வண்டி நின்றது. இடது பக்கம் பள்ளம்.

என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "பெட்ரோல்ல தண்ணி கலந்திருப்பானுவ போலம்மா."

பொய். அந்த நிமிடத்திலும் என் பெயரைக் காப்பாற்றத்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "காரணத்தை அப்புறம் பேசலாம் சண்முகம். இப்ப என்ன செய்யலாம், அத மட்டும் சொல்லு."

இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் இதைவிடப் பெரிய பாடம் சொல்லித்தரவில்லை. தப்பு செய்தவன் மூளையில் பாதி தப்பை மறைக்கும் வேலைக்குப் போய்விடும். அதை இழுத்து வந்து உட்கார வைத்தால்தான் அடுத்த வழி தெரியும்.

யோசித்தேன். நடந்து போனால் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். திரும்பிப் போய் லாரிக்காரனைக் கெஞ்சி அழைத்து வரவும் அவ்வளவு ஆகும், அவன் வருவானோ மாட்டானோ. இந்த எஞ்சினுக்குப் பலம் இல்லாமல் இல்லை. வேகமாகச் சுழன்றால்தான் பலம். வண்டி மெதுவாகப் போக வேண்டும், எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டும். முதல் கியர் அதற்குப் போதவில்லை. அதைவிடத் தாழ்ந்த கியர் இந்த வண்டியில் ஒன்றே ஒன்று இருந்தது.

"ரிவர்ஸ்ல ஏறலாம்மா" என்றேன்.

"பின்னாலயேவா? மேல வரைக்குமா?"

"ஆமாம்மா."

அவர் ஒரு நொடிதான் என் முகத்தைப் பார்த்தார். "சரி, திருப்பு."

வளைவில் இடம் கொஞ்சம் அகலமாக இருந்தது. மூன்று பேரும் தள்ளி வண்டியின் முகத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பினோம். டாக்டரம்மா பின் சீட்டில் மண்டியிட்டு, மேலே போகிற வழியைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல வேண்டும். அன்னம்மா ஏறவில்லை. "ஒரு ஆள் கனம் குறையட்டும். கல்லு வைக்கான் ஆள் வேணுமல்லோ" என்றாள். கல்லைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

எஞ்சினை உறுமவிட்டு கிளச்சை விட்டேன். வண்டி பின்பக்கமாக மேலே ஏறியது.

"இடது பக்கம்... இன்னும்... போதும், நேரா வா" என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே வந்தார். நான் கழுத்தைத் திருப்பியபடி ஓட்டினேன். அவ்வப்போது தண்ணீர் கொதித்து மூடியில் ஆவி சீறும். நிறுத்துவேன். நிறுத்தியதும் அன்னம்மா ஓடிவந்து முன்சக்கரத்துக்குக் கீழே கல்லை வைப்பாள். அப்போதுதான் நான் முன்பக்கம் திரும்பிப் பார்ப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பாள். சாரலில் தலை நனைந்து, வெள்ளைச் சேலையெல்லாம் சேறாகி, மூச்சு வாங்க நின்றுகொண்டு, "போகாம்" என்று கையை அசைப்பாள். கல்லை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவாள். எத்தனை தடவை நிறுத்தினேன் என்று கணக்கில்லை. கடைசி ஒன்றிரண்டு தடவை தண்ணீர் அவ்வளவாகக் கொதிக்கவில்லை என்பதையும் இந்த வயதில் ஒப்புக்கொள்ளலாம். அவள் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்றுதான் நிறுத்தினேன்.

கோட்டவாசல் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. ஓட்டுக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் ஆட்கள் கூடி நின்றார்கள். பின்பக்கமாக வந்து நின்ற வண்டியைப் பார்த்து அவர்கள் சிரிக்கக்கூட இல்லை. டாக்டரம்மாவும் அன்னம்மாவும் உள்ளே ஓடினார்கள். நான் வண்டிப் பக்கத்தில் நின்றேன். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. தாயின் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல கேம் இருந்திருந்தால் அரை மணிக்கு முன்னாலேயே வந்திருக்கலாம் என்ற கணக்கு மட்டும் என் தலையில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவளிடம் மனதுக்குள் என்னென்னவோ பேசினேன்.

வெகுநேரம் கழித்து அன்னம்மா கை கழுவ வெளியே வந்தாள். முழங்கை வரை ரத்தம். நான் செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். நான் கேட்கும் முன்பே அவள் சொன்னாள்.

"ஜீவன் உண்டு மேஸ்திரி. பயப்படண்டா. பிழைச்சுக்கும்."

நான் அழுதேன். அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டு கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள், நான் முகத்தைத் துடைக்கும் வரை.

மலையை விட்டு இறங்கி வந்தோம். செங்கோட்டைக்குள் நுழைந்ததும் டாக்டரம்மா கேட்டார்: "வேகம் வேணும்னு நான் எப்பவாவது சொன்னனா?"

"இல்லம்மா. பெட்ரோல் நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பா கேம் போட்டுட்டேன்."

"தெரியும். நான் ஒண்ணும் சொல்லல. நீயும் ஒண்ணும் கேக்கல."

மறுநாள் எஞ்சினைப் பிரித்தேன். காதர் வந்து, "சாதா கேமப் போட்டுட்டுப் பேசாம இருலே. வம்பே வேண்டாம்" என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மாட்டுவதற்கு எடுத்துத் துடைத்தும் வைத்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் சொல்லப் போனபோது அவர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"இந்த எஞ்சினுக்கு அது ஒத்துவருமா, இல்ல நேத்து பயந்ததுக்கு இன்னைக்கு மருந்தா?"

உண்மையில் ஒத்துவராது. ஹெட்டைச் சீவிய எஞ்சின் அது. அதற்குச் சாதா கேமைப் போட்டால் உள்ளே அழுத்தம் அதிகமாகி, அன்றைக்குக் கிடைத்த பெட்ரோலுக்கு மேட்டில் எஞ்சின் தட்டும். நாளடைவில் பிஸ்டனைத் தின்றுவிடும். ஆசையில் ஒரு தப்பு, பயத்தில் ஒரு தப்பு. இரண்டிலும் நான் வண்டியைப் பார்க்கவே இல்லை.

"நோயாளிகூட ஒரு வாரம் இருந்து பாரு. அப்புறம் முடிவு பண்ணு" என்றார்.

தேய்ந்த பழைய கேமையே தற்காலிகமாக மாட்டிவிட்டு ஒரு வாரம் டாக்டரம்மாவுக்கு டிரைவராக இருந்தேன். எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறோம், எங்கே ஊர்கிறோம், எங்கே ஏறுகிறோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவன் எழுத முடியாது. அன்னம்மா எழுதினாள். மடியில் மருந்துச் சீட்டை வைத்து மலையாளத்தில் எழுதுவாள். சாயந்திரம் கிளினிக் வாசலில் எனக்கு வாசித்துக் காட்டுவாள்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை கேம் ஷாஃப்டைப் பற்றி இருக்காது. சீசன் கூட்டத்தில் குற்றாலம் ரோட்டில் வண்டி எறும்பாக ஊரும். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு போகிறவர்கள் எங்களை விட வேகமாக நடப்பார்கள். டாக்டரம்மா ஏதாவது வீட்டுக்குள் போயிருக்கும்போது நாங்கள் இருவரும் காத்திருப்போம். ஒரு நாள் மங்குஸ்தான் வாங்கி வந்தேன். அவள் உள்ளே எத்தனை சுளை என்று உடைக்கும் முன்பே சொல்லிவிட்டு, விரலால் அழுத்தி உடைத்தாள். காம்புக்கு எதிர்ப்பக்கம் அடியைத் திருப்பிப் பார்த்தால் பூ மாதிரி ஒரு குறி இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை என்று காட்டிக் கொடுத்தாள். பாதியை என்னிடம் நீட்டினாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைத்தால் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும் என்பது டாக்டரம்மாவின் பயம்.

வாரக் கடைசியில் எல்லாச் சீட்டையும் பரப்பிப் பார்த்தோம். வண்டி முழு வேகத்தில் ஓடியது மொத்தமாகப் பத்து நிமிடம்கூட இல்லை. பாதி நேரம் யாரோ ஒரு நோயாளியின் வாசலில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. மீதியில் பெரும்பகுதி ஊர்ந்தது. மலை இரண்டு தடவை. "பாவம், ஓடின நேரத்தைவிட நின்ன நேரம் கூடுதல்" என்றாள் அன்னம்மா. நான் பெட்டியைத் திறந்து நடுத்தர கேமை எடுத்தேன். சீவிய ஹெட்டுக்கும் அது பொருந்தும், நிற்பதற்கும் பொருந்தும், மேட்டுக்கும் பொருந்தும். எல்லாவற்றிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற கேம். நான் தள்ளி வைத்த கேம்.

மாட்டிய மறுநாள் மூன்று பேரும் அதே மலைப்பாதைக்குப் போனோம். அதே இரண்டாவது வளைவில் வேண்டுமென்றே நிறுத்தினேன். அன்னம்மா கல்லுக்காக இறங்கப் போனாள். "இருங்க சிஸ்டர்" என்றேன். கிளச்சை விட்டேன். வண்டி ஒரு நடுக்கமும் இல்லாமல் கிளம்பி மேலே போனது. அவள் கைகொட்டிச் சிரித்தாள். சுந்தரபாண்டியபுரம் ரோட்டில் பறந்த சந்தோஷம் இதற்கு ஏணி வைத்தாலும் எட்டாது.

ஆகையால் தம்பிகளே, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். வண்டிக்காரரோடு ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கப்புறம் கேம் பற்றிப் பேசலாம்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். இரண்டரை வருடம் ஏதாவது சாக்கு வைத்து மேலகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வால்வைத் தள்ளுகிற டாப்பெட்டில் சத்தம் கேட்கிறது என்பேன். கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும் என்பேன். அந்த வண்டியின் டாப்பெட்டுகளை அத்தனை தடவை சரிபார்த்த மெக்கானிக் உலகத்தில் இருக்க முடியாது. டாக்டரம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு தடவைகூட "எதுக்கு வந்த?" என்று கேட்டதில்லை. நான் அவளைச் சிஸ்டர் என்றேன். அவள் என்னை மேஸ்திரி என்றாள்.

பிறகு அவளுக்குப் பம்பாயில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. முதலில் புனலூர் வீட்டுக்குப் போய் ஆட்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பப் போகிறாள். செங்கோட்டை ஸ்டேஷனுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். டாக்டரம்மா வரவில்லை. வேலை இருக்கிறது என்றார். அன்று கிளினிக்கில் நோயாளி யாருமே இல்லை.

கொல்லம் வண்டி வந்து நின்றது. பெட்டியை ஏற்றி வைத்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி கிளம்ப நேரம் இருந்தது. மழை வருமா என்று பேசினோம். புனலூரில் யார் வருவார்கள் என்று கேட்டேன். அவள் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மேஸ்திரிக்கு வேற ஒண்ணும் கேக்கான் இல்லையோ?"

"போய்ச் சேந்ததும் ஒரு லெட்டர் போடுங்க சிஸ்டர்" என்றேன்.

"ம்" என்றாள்.

வண்டி நகர்ந்தது. அவள் கையை அசைத்தாள். நானும் அசைத்தேன்.

நாற்பது நாள் கழித்து பட்டறை விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தமிழில் எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதியது தெரிந்தது. யாரிடம் எப்போது கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. நலம், வேலை அதிகம், இங்கே மழை வேறு மாதிரி என்று நாலு வரி. கடைசி வரியில் 'வண்டி எப்படி ஓடுகிறது?' என்று கேட்டிருந்தாள்.

அன்று மத்தியானம் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பதில் எழுதினேன். நான்கு பக்கம். மலை எப்படி ஏறுகிறது, நிற்கும்போது சத்தம் எப்படி இருக்கிறது, வால்வு இடைவெளி எவ்வளவு வைத்திருக்கிறேன் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். நான்கு பக்கமும் வண்டியைப் பற்றித்தான். மடித்து, ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பதில் வரவில்லை.